சிவப்பு அம்பு ஒட்டாத ஞாயிறு

நான் செக்கிங் செக்‌ஷன்காரி. திருப்பூருக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் வேறு வேலை பார்த்ததில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் மேஜை முன்னால் நின்றுகொண்டு, தைத்து வரும் பனியனை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து, தோள்பட்டை, கைமடிப்பு, பக்கத் தையல், அடிமடிப்பு. எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே ஊசி குத்தின ஓட்டை என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருக்கிற பீஸை ஒரு நொடிக்கு மேல் பார்க்க மாட்டோம். அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். தப்பாக இருக்கிறதைத்தான் உற்றுப் பார்ப்போம். இதில் எனக்குக் கொஞ்சம் பேரும் உண்டு. “அந்தக்கா கையில போனா கடவுளே தச்சாலும் ஒரு ஸ்டிக்கர் விழும்” என்று எங்கள் கம்பெனித் தையல்காரர்கள் சொல்வார்கள். கேட்டுச் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான், மறைப்பானேன்?

அந்தக் கண்ணையும் கையையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு நான் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். வைக்கவில்லை. அதனால் எங்கள் சபையையே மூடுகிற நிலைமை வந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை!

கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தைத்தான். எங்கள் தெற்கத்திப் பக்கம், திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம். பனியன் வேலைக்கு வந்த நாங்கள் பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டி ஒரு பழைய நூல் குடோனைப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு மரச் சிலுவையை மாட்டிக் கோயிலாக்கியிருந்தோம். மேலே தகரக் கூரை. மழை வந்தால் பிரசங்கம் கேட்காது, வெயில் வந்தால் பிரசங்கத்தில் மனசு நிற்காது. டவுன் கோயிலில் காலை ஆராதனையை முடித்துவிட்டு எங்கள் ஐயர் பைக்கில் இங்கே வருவார். ஐயர் என்றால் எங்கள் போதகர். வயது நாற்பது இருக்கும். வரும்போதே பாதிக் களைப்போடுதான் வருவார்.

பாட்டு என் பொறுப்பு. சின்ன வயதில் நான் படித்த போர்டிங் பள்ளியில் ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரித்துச் சேர்ந்து பாடப் பழக்கியிருந்தார்கள். அந்தப் படிப்பு எனக்குச் சோறு போடவில்லை, ஆனால் திமிர் நிறையவே கொடுத்தது. பாட்டை எடுத்துக் கொடுப்பது நான், எந்தச் சுருதி என்று சொல்வது நான், யார் இழுத்தார்கள், யார் முந்தினார்கள் என்று ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்வதும் நான். ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் மட்டும்தான் கையில் இல்லை. மற்றபடி அங்கேயும் செக்கிங்தான் நடந்தது.

எங்கள் சபையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். வேறொரு கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். வாரம் முழுக்க நீராவியில் நின்று வெந்த மனிதர், ஞாயிறன்று வெள்ளைச் சட்டையைக் கத்தி மாதிரி தேய்த்துப் போட்டுக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு முதல் ஆளாக வந்து நிற்பார். பாடுவார் பாருங்கள், அடேயப்பா! தகரக் கூரை அதிரும். சுருதி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. நான் ஒரு இடத்தில் எடுத்தால் அவர் இரண்டு வீடு தள்ளிப் போய் நிற்பார். ஆனால் கண்ணை மூடி, கையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, அவ்வளவு சந்தோஷமாகப் பாடுவார். அவர் இருந்த வரிசையில் இருந்த குழந்தைகள்கூட வாய் வலிக்கக் கத்தும். எனக்கோ பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதே வேலையாக இருக்கும்.

ஒரு அறுப்பின் பண்டிகைக்கு டவுன் சபையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மானம் காக்க வேண்டுமென்று ஒரு நாலு குரல் பாட்டை ஒரு மாதம் பழக்கியிருந்தேன். பாடகர் குழு மட்டும் பாட வேண்டிய பாட்டு. பல்லவி திரும்ப வந்தபோது, பெஞ்சிலிருந்த அண்ணாச்சிக்கு ஆவி வந்துவிட்டது. எழுந்து நின்று, முழுத் தொண்டையில் சேர்ந்துகொண்டார். போச்சு! என் நாலு குரலும் நாலு திக்கில் ஓடின. பாட்டு முடிந்தது. எனக்கு வந்ததே கோபம்! மைக்கை மூடாமலே திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

“அண்ணாச்சி, சட்டையத் தேக்க மாதிரி பாட்டையும் தேச்சு எடுத்துட்டியளே! நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே ஆண்டவர் சந்தோசப்படுவாரு.”

கோயிலே சிரித்தது. விருந்தாளிகள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். நான் நல்லதாக ஒரு வெட்டு வெட்டிவிட்ட திருப்தியோடு போய் அசனச் சாப்பாட்டில் உட்கார்ந்தேன். பண்டிகைக்குச் சபையே சேர்ந்து சமைத்து, பந்தி போட்டுச் சாப்பிடுவதுதான் அசனம். அன்றைக்குச் சாம்பார் பிரமாதம் என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டது வரை எனக்கு ஞாபகமிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வந்தார். பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நானும் ‘சொன்னதும் கேட்டுக்கொண்டாரே, நல்ல மனுஷன்’ என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு வாரம் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவர் குடியிருந்த காம்பவுண்டு வீடுகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். வந்தவர்களும் பாடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார்கள். அண்ணாச்சிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன கதி என்று பயந்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் எங்கள் பாட்டு சுத்தமாகிவிட்டது. ஒரு பிசிறில்லை, ஒரு தப்பில்லை. தப்புச் செய்ய ஆளில்லை!

நான் அப்படிப் புரிந்துகொண்டேனா? இல்லவே இல்லை. ஷிப்மென்ட் அவசரம் என்று ஞாயிறும் அரை ஷிஃப்ட் ஓட்டும் கம்பெனிகளைத் திட்டினேன். டிரம்ஸும் கலர் லைட்டும் போட்டு இளசுகளை இழுக்கும் புதுக் கூட்டங்களைத் திட்டினேன். ஐயர் பிரசங்கம் நீளம் என்று அவரையும் விட்டுவைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மட்டும் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, ஐயர் ஒரு தாளை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“ஈஸ்டரோட இந்த ஆராதனைய நிறுத்திட்டு டவுன் சபையோட சேந்துக்கலாம்னு கமிட்டியில பேச்சு. குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பாப்போம். அன்னைக்கு இங்கயே வச்சு முடிவச் சொல்லிடுறேன்.”

என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தக் குடோனில். என் வீட்டுக்காரர் இறந்த அன்று பெட்டியை இறக்கி வைத்து ஜெபித்தது அந்தச் சிமென்ட் தரையில். டவுன் கோயிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போகலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அங்கே நான் யார்? ஃபேன் இல்லாத ஒரு பின்பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளை. இங்கே நான் எடுத்தால்தான் பாட்டு. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வலித்தது அதுதான்.

அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, குடோனுக்குச் சொந்தக்கார அக்கா எருமைக்குச் சோளத்தட்டைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே அவர்கள் தோட்டம், தென்னந்தோப்பு, எருமைகள். இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் சாமி வேறு, ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

“ஏனுங்கக்கா, காலி பண்றதா இருந்தா முன்னாலயே சொல்லிப்போடுங்க. எங்க பையன் இங்க பிரிண்டிங் டேபிள் போடோணுமுன்னு நிக்கறான்.”

“காலியா? யாருங்க்கா சொன்னா?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

“யாரும் சொல்லலீங்க. சத்தமே வாரதில்லீங்களே, அதுனால கேட்டேன். முன்னெல்லாம் ஒருத்தரு கத்துவாருங்களே, ஊரே அலற அலற! அவுரு கத்துனாத்தான் ஞாயித்துக்கெழமைன்னே எங்களுக்குத் தெரியும். எங்க ஊட்டுக்காரரு அந்தச் சத்தத்துக்குத்தான் கட்டல உட்டு எந்திரிப்பாரு. அவுரு எங்கீங்க, தவறிப்போயிட்டாருங்களா?”

“ஐயோ, இல்லீங்க்கா. நல்லா இருக்காரு.”

“அப்பறம் ஏனுங்க பாடறதில்ல?”

பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது எப்போதோ பூட்டிவிட்டது.

அப்போதும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேனா? போகவில்லை. போக எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி என் மேஜையில்தான் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டின் முன்னால் கண்ணை மூடி ஜெபிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டேன். “நீ கிறிஸ்டியனா?” என்றதும் கண்ணெல்லாம் விரிந்து, “ஹாங் தீதி!” என்றாள். அவர்கள் பேச்சில் தீதி என்றால் அக்கா. இங்கே வந்து எட்டு மாதமாகிறது, டவுன் கோயிலுக்குப் போக வழி தெரியவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். நான் கூப்பிட்டேன். பாசத்தில் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் குருத்தோலை ஞாயிறன்று ஐயர் பார்க்கும்போது பெஞ்சு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

அந்த ஞாயிறே ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, தலையில் பூ, முகமெல்லாம் சிரிப்பு. பண்டிகைக்கு வந்தவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். ஆராதனை முழுக்க ஒரு வார்த்தை புரியாமல், ஒருவரையொருவர் பார்த்து எழுந்து, பார்த்து உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஐயருக்குப் பாவமாகிவிட்டது. கடைசியில், உங்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடுங்களேன் என்று சைகையில் கேட்டார்.

அவ்வளவுதான்! ஒன்பது பேரும் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். குடிதண்ணீர்க் கேன் ஒன்று காலியாக மூலையில் கிடந்தது. ஒருத்தி அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் கையோடு கை கோத்து ஒரே வரிசையாக நின்றார்கள். ஒருத்தி ஒரு வரி பாட, எல்லாரும் அதைத் திருப்பிப் பாட, மூன்றடி முன்னால், ஓரடி பின்னால். கோயிலில் ஆட்டமா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நிறுத்தப் போனவள், ஐயர் கைதட்டுவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தாலும் கண் சும்மா இருக்குமா? செக்கிங் கண். மூன்றாவதாக நின்ற பெண் கால் தப்பினாள். பிடித்துவிட்டேன். அடுத்த சுற்றிலும் தப்பினாள். ஓரத்தில் இருந்தவளுக்குச் சுருதி ஏறிப் போய்விட்டது. அதையும் பிடித்தேன். ஆனால் அந்த வரிசையில் ஒருத்திகூட அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால் தப்பினவளைக் கோத்த கை அப்படியே தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. அவளும் இரண்டடியில் மறுபடி சேர்ந்துகொண்டாள், சிரித்துக்கொண்டே. பாட்டு நிற்கவில்லை. ஒரு நொடிகூட நிற்கவில்லை!

எங்கள் சபையில் ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் வரிசைக் கடைசியில் கையைக் கோத்தாள். அப்புறம் அவள் அம்மா. அப்புறம் ஓவர்லாக் தைக்கும் இரண்டு பேர். உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்ட, தகரக் கூரை ஆறு மாதம் கழித்து அதிர்ந்தது. என் மேஜைக்காரி என் முன்னால் வந்து, “ஆவோ தீதி!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் மாட்டேன் என்றேன். மூட்டுவலி என்றேன். அவளுக்குத் தமிழ் புரியவில்லையோ, புரியாத மாதிரி நடித்தாளோ, இழுத்துவிட்டாள். ஆடினேன்! மூன்றடி முன்னால், ஓரடி பின்னால். ஒவ்வொரு அடியும் தப்பு. செருப்பில்லாத காலை யாரோ மிதித்தார்கள், நான் யாரையோ மிதித்தேன். மூச்சு வாங்கியது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோயிலில் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன். அறுப்பின் பண்டிகை அன்று, அண்ணாச்சியைப் பார்த்து.

ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நேரத்தில் அழுகையும் வந்தது. கதவைப் பூட்டும் வேலையை ஓவர்லாக்காரி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, நேராக அண்ணாச்சி காம்பவுண்டுக்கு நடந்தேன்.

அண்ணாச்சி வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “வா தங்கச்சி. சோறு திங்கியா?” என்றார், ஒன்றுமே நடக்காதது போல. உள்ளிருந்து அவர் மனைவி, எனக்கு மதினி, வந்தார்கள். அவர்கள் முகம் அப்படி இல்லை.

“இப்பவாது வழி தெரிஞ்சுதே ஒனக்கு. ஆறு மாசமா இந்த வீட்ல ஒரு பாட்டு கெடையாது, கேட்டியா? குளிக்கும்போதுகூடப் பாட மாட்டுக்காவ. ஊமைகூடக் குடும்பம் நடத்த மாதிரி இருக்கு எனக்கு.”

“சும்மா இரு ஏட்டி,” என்றார் அண்ணாச்சி. “அவ சொன்னதுல என்ன தப்பு? எனக்குச் சுருதி கெடையாதுதான்.”

நான் கீழே உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் நல்லதாக நாலு வார்த்தை தயாரித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, “ஏன் அண்ணாச்சி கோயிலுக்கு வாரதில்ல?” என்று மொட்டையாகக் கேட்டேன்.

அவர் ஒரு பல் பூண்டை உரித்து முடித்து, கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் பேசினார். “வந்தா பாடணும்னு தோணுது, தங்கச்சி. வாய மூடிட்டு நிக்கது செரமமா இருக்கு. நான் வாயத் தொறக்காம இருந்தா ஆண்டவர் சந்தோசப்படுவாருன்னு நீ சொன்னேல்லா? வாரமெல்லாம் அவருக்கு நான் என்னத்தச் செஞ்சுட்டேன். இதாவது செய்வோம்னுதான் வீட்டோட இருந்துகிட்டேன்.”

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், பதிலுக்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே சொன்னார். நான் சொன்னதை அந்த மனிதர் நம்பிவிட்டார்! என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன்.

“அது ஆண்டவர் சொல்லல, அண்ணாச்சி. நான் சொன்னது. என் கோவத்துக்கு அவரு பேரச் சேத்துச் சொல்லிட்டேன். என்னய மன்னிச்சிருங்க.”

மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி மிச்சமிருந்த பூண்டையெல்லாம் உரித்துப் போட்டார். கடைசியில், “குருத்தோலைக்கு வாரேன். எல்லாரையும் கூட்டிட்டு வாரேன். பாடுவனான்னு தெரியல. பழக்கம் விட்டுப் போச்சு” என்றார்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு எங்கள் பக்கத்தில் கையில் பிடிப்பது பனங்குருத்துதான். இங்கே பனையேறிக் குருத்து வெட்ட ஆளுக்கு எங்கே போக? ஒவ்வொரு வருஷமும் யாராவது ஊரிலிருந்து பஸ்ஸில் கட்டிக் கொண்டுவருவார்கள், வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். இந்தத் தடவை அதற்கும் ஆளில்லை. தோட்டத்து அக்காவிடம் கேட்டேன். “தென்னங்குருத்துத் தந்தா உங்க சாமி கோவிச்சுக்குங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தோப்புக்கு ஆளை அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் கூடி, அங்கிருந்து பவனியாகக் கோயிலுக்கு நடப்பதாக ஏற்பாடு. ஐயர் அங்கி போட்டுக்கொண்டு நின்றார். தாள் அவர் பாக்கெட்டில் இருந்தது. நான் பார்த்தேன். சாமான்யக் கண்ணா இது? ஜார்க்கண்ட் பெண்கள் இந்தத் தடவை பதினைந்து பேர், தண்ணீர்க் கேன் இரண்டு. அந்தப் பக்கத்துச் சந்திலிருந்து முதலில் தென்னங்குருத்து தெரிந்தது. பிறகு தலைகள். அண்ணாச்சியும் மதினியும் முன்னால், காம்பவுண்டு முழுக்கப் பின்னால்! கத்தி மாதிரி தேய்த்த அதே வெள்ளைச் சட்டை. எனக்கு ரோடு என்றும் பார்க்காமல் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஓடினேன், பிடித்துக்கொண்டேன்.

பாடிக்கொண்டு நடந்தோம். லாரிகள் ஹாரன் அடித்தன. அரை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கேட் வாசலில் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் டீ கிளாஸை வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் ஆடினார்கள், குழந்தைகள் கத்தினார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அண்ணாச்சி குருத்தோலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாயை மூடியே நடந்தார். அவர் மூடியிருப்பதைப் பார்த்துக் காம்பவுண்டுக்காரர்களும் மூடியே நடந்தார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கோயில் நிறைந்துவிட்டது. பின்னால் நிற்க இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே ஆள். ஐயர் முகத்தில் களைப்பே இல்லை. இருந்தாலும் அவர் அண்ணாச்சியின் மூடிய வாயைப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆள் கூட்டுவது பெரிய வித்தையில்லை, அடுத்த வாரமும் இவர்கள் வர வேண்டுமே என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஓசன்னாப் பாட்டை எடுத்தேன். முதல் வரியில் என் குரல் தனியாகப் போனது. பெண்களுக்கு வார்த்தை தெரியாது, கேனை மட்டும் தட்டினார்கள். இரண்டாவது வரியில் எங்கேயோ ஒரு கரகரப்பு. மூன்றாவது வரியில் அது எழுந்தது! ஆறு மாதத் துருவோடு, எனக்கு இரண்டு வீடு தள்ளி, அதே இடத்தில், அதே தப்பில்! கண்ணை மூடி, கையைத் தூக்கி, முழுத் தொண்டையில். பாதி வரியில் அவர் காதுக்கே அது கேட்டுவிட்டது போல. சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

பாட்டே நின்றுவிட்டது. கேன் நின்றது. கோயில் மொத்தமும் என்னைப் பார்த்தது, ஐயரும்தான். என்னை அறியாமல் என் வலது கை மேலே போயிருந்தது. யாராவது தப்பினால் நிறுத்தச் சொல்லித் தூக்கும் அதே கை. மதினியின் முகம் செத்துப் போனதைப் பார்த்தேன்.

தூக்கின கையை இறக்க எனக்கு வழி தெரியவில்லை. இடது கையையும் தூக்கினேன். இரண்டையும் சேர்த்து ஓங்கித் தட்டினேன். தட்டிக்கொண்டே, அவர் விட்ட இடத்திலிருந்து, அவர் விட்ட அதே சுருதியில், போர்டிங் பள்ளியில் படித்ததையெல்லாம் தூர எறிந்துவிட்டுப் பாடினேன். எனக்கு எட்டாத சுருதி. தொண்டை கிழிந்தது. கிழியட்டும்! அண்ணாச்சி ஒரு நொடி திகைத்தார். அப்புறம் சிரித்தார். அப்புறம் எடுத்தார் பாருங்கள் ஒரு குரல்!

காம்பவுண்டு மொத்தமும் வாயைத் திறந்தது. உதட்டை மட்டும் அசைத்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு தாளம். பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கிவிட்டார்கள். பாட்டில் இருந்தது நாலே சரணம். நாங்கள் முதல் சரணத்திலிருந்து மறுபடி தொடங்கினோம், மறுபடியும் தொடங்கினோம். ஐயர் குருத்தோலையை ஆட்டி ஆட்டி ஓலை கிழிந்து போனது. ஜன்னலுக்கு வெளியே தோட்டத்து அக்கா கையில் பால் செம்போடு நின்று, உள்ளே பார்த்து யாரிடமோ, “அவுருதானுங்க! அவுரேதான்! இருக்காருங்க!” என்று கூவியது எனக்கு நன்றாகக் கேட்டது.

அறிவிப்பு நேரம் வந்தது. ஐயர் பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்தார். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. நாலாக மடிந்திருந்ததை எட்டாக மடித்து மறுபடி பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

“ஈஸ்டர் ஆராதனை விடியக்காலம் நாலரை மணிக்கு,” என்றார். தொண்டை கட்டியிருந்தது அவருக்கும். “இங்கதான்.”

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் கம்பெனியில் என் மேஜையிலிருந்து ஸ்டிக்கரோடு திரும்பிப் போன பனியனுக்குக் கணக்கில்லை. தையல்காரர்கள் வழக்கம்போல் என்னைத் திட்டினார்கள். கறை கறைதான், ஓட்டை ஓட்டைதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈஸ்டர் அன்று நாலே கால் மணிக்கெல்லாம் உட்கார இடமில்லை. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. ஐயர் தலையசைத்ததும் பாட்டை எடுக்கத் தொண்டையைச் செருமினேன். முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பது அந்தக் கோயில் தொடங்கிய நாளிலிருந்து என் உரிமை. அதை ஒரு காய்ச்சல் நாளில்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பெஞ்சில் அண்ணாச்சி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நான் எடுப்பதற்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி,” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “நீங்க எடுங்க.”

அவர் எழுந்து நின்று, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடினார். முதல் வார்த்தையே தப்பு. நாங்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே போனோம்.